மீத்தேன் அளக்கும் மாடிக்கு ஒரு சனிக்கிழமை

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். நம் வகுப்புப் பயண நோட்டில் நீங்கள் எல்லோரும் கோவளம், வண்டலூர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதுவது அப்பா கண்ணில் பட்டால் என் படிப்பே நின்றுவிடும்.

அப்பா சம்மதிக்காத கல்யாணம் செய்துகொண்டு அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. திங்கட்கிழமை கணவரோடு அகமதாபாத் போகிறாள் என்று தெரிந்ததும், ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு இன்று காலை கிளம்பினேன்.

தாம்பரத்தில் 9.10 மின்சார ரயில். டிக்கெட் இரண்டு ரூபாய். இரண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை, ஏழு நிமிடம். அங்கிருந்து அக்கா வேலை செய்யும் ஆய்வுக்கூடம் ஒரு கிலோமீட்டர். வழி கேட்டதற்கு ரிக்‌ஷாக்காரர், "வெயில அளக்கிற வூடா? நேரா போ பாப்பா. நமக்கு ஃப்ரீயாவே கெடைக்குது, அத இன்னாத்துக்கு அளக்கிறாங்கோ" என்றார்.

மொட்டை மாடியில் ஒரு கண்ணாடி சூரிய ஒளியைப் பிடித்துக் கருவிக்குள் அனுப்புகிறது. கருவி அதை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் சில இடங்களை மட்டும் காற்றிலுள்ள மீத்தேன் விழுங்கிவிடுமாம். கருவியிலுள்ள பேனா காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும்; அந்த இடங்களில் கோடு பள்ளமாக இறங்கும். பள்ளத்தின் ஆழத்தை வைத்து எவ்வளவு மீத்தேன் என்று கணக்கிடுகிறார்கள். ஒருமுறை அளக்க இருபது நிமிடம். அதுவரை சூரியன் நகர நகர, அக்கா கண்ணாடியைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை. "அங்கயே நில்லுடி. இன்னும் ரெண்டே நிமிஷம்."

என்னால் முடியவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். என் நிழல் கண்ணாடியில் விழ, பேனா அடிவரை இறங்கிவிட்டது.

"போச்சு. இத நம்பினா மெட்ராஸே மீத்தேன்ல முங்கிடுச்சுன்னு அர்த்தம்" என்று சிரித்தாள்.

மறுபடி முதலிலிருந்து. எனக்கு இன்னும் இருபது நிமிடம் கிடைத்தது. அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். முடியப்போகும் நேரத்தில் என் கை கண்ணாடிப் பக்கம் நீண்டது.

"வேணாம்டி" என்றாள், திரும்பாமலே. "மேகம் வருது. இன்னொரு தடவை கெடைக்காது."

கையை இறக்கிக்கொண்டேன்.

போகிறவர்கள் மேகமில்லாத நாளில் காலையிலேயே போங்கள். கண்ணாடிக்குப் பின்பக்கம் நில்லுங்கள். கேட்க நினைத்ததை உடனே கேட்டுவிடுங்கள். எந்த விலாசத்துக்குக் கடிதம் போடுவது என்று நான் கேட்கவே இல்லை. ரயிலில்தான் ஞாபகம் வந்தது. நாளை ஞாயிறு, ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிற மாதிரிக் கிளம்பி

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா. மெதுவாக, "அவ இளைச்சிருக்காளா?" என்கிறார்.