தோணியில் ஒரு வெள்ளைக் கோடு

எங்கள் துறைத் தோணியின் விலாவில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. முன்னாலிருந்து பின்னால் வரைக்கும், விரல் அகலத்தில், ஒரே நேராக ஓடும். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அதற்குப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு ஏதோ அழகுக்குப் போட்டது என்று நினைப்பார்கள். அழகுக்குப் போட்டதல்ல. எங்கள் சங்கம் ஒரு பத்திரிகைக்கு எழுதிக்கொடுத்த மறுப்பில் மிஞ்சி நிற்பது அந்தக் கோடுதான். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. நிமிரட்டும்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே ஆறு அகன்று போகிற இடத்தில் இருக்கிறது எங்கள் துறை. தாலுகா போர்டில் குத்தகைக்கு எடுத்துத் தோணி விட்டவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நான் அப்போது அக்கரைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தினமும் தோணியில் போய் வருகிறவன், நாலு எழுத்து எழுதத் தெரிந்தவன் என்பதற்காக என்னைக் காரியதரிசியாகப் பிடித்துப் போட்டார்கள். சங்கத்துக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். இந்தக் கரையில் நின்று அவர் போடுகிற சத்தத்துக்கு அக்கரையில் மேய்கிற மாடு தலை தூக்கிப் பார்க்கும். கோபம் மூக்குக்கு மேலே. கோபம் வந்த வேகத்தில் போய்விடும், ஆனால் பிடித்த பிடியை மட்டும் விடமாட்டார். அவரைப் பெரிய ஞானி என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. சீட்டு விளையாட்டில் கூசாமல் ஏமாற்றுவார்.

ஓர் ஐப்பசி மாதம், ஆற்றில் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது, கல்யாண கோஷ்டி ஒன்று துறைக்கு வந்தது. பெண்ணுக்குக் களக்காடு. மாப்பிள்ளை வீடு அக்கரையில். நல்ல நேரத்துக்குள் பெண் புகுந்த வீட்டில் கால் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் பறந்தார்கள். இரண்டு நடையாகப் போக வேண்டிய கூட்டத்தைத் தலைவரே கைதட்டிக் கூப்பிட்டு ஒரே நடையில் ஏற்றினார். அக்கரை நெருங்கும்போது தோணி ஒரு பக்கம் சாய்ந்து கவிழ்ந்தது. நெஞ்சளவுத் தண்ணீர்தான். தோணிக்காரர்கள் குதித்து எல்லாரையும் கரையேற்றிவிட்டார்கள். ஆற்றோடு போனவை சீர்ப் பலகாரக் கூடைகளும் மாப்பிள்ளையின் செருப்பும் மட்டும். தண்ணீருக்குள் தத்தளித்தபோதே மாப்பிள்ளையின் தகப்பனார் கரையடி மாடசாமியைக் கூப்பிட்டு, உயிர் தப்பினால் ஏறின கரையிலேயே அத்தனை ஆம்பிளைகளும் முடி இறக்குகிறோம் என்று நேர்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் அந்த நேர்த்திக்கடன் நடந்தது. அக்கரைப் படித்துறையில் ஆம்பிளைகள் வரிசையாக உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார்கள். பெண்கள் தலை முழுகி ஈரக் கூந்தலோடு நின்றார்கள். மாடனுக்குப் பொங்கல் வைத்த அடுப்பிலிருந்து புகை எழும்பியது. தோணி கவிழ்ந்த சேதி கேட்டு, சரியாக அந்த நேரம் பார்த்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு நிருபர் ஜட்காவில் வந்து இறங்கினார். தோணியைக் கரையில் ஏற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் ஆற்றைக் கடக்கவில்லை. கடந்திருந்தால் சர்க்கரைப் பொங்கலாவது கிடைத்திருக்கும். இக்கரையில் நின்றபடியே மொட்டையைப் பார்த்தார், ஈரத் தலையைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். ஆற்றங்கரையில் விடிகாலையில் இவை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நம் ஊரில் எவனுக்கும் ஒரே நினைப்புத்தான் வரும். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கல்யாண கோஷ்டி ஆற்றில் மாண்டது, மணப்பெண்ணும் பலி என்று பத்திரிகையில் வந்தது. சங்கத்தார் மேல் நிருபருக்கு ஏனோ இரக்கம். விதிப்படி அளவாகவே ஆட்களை ஏற்றியிருந்தும் ஆற்றுச் சுழலால் நேர்ந்த விபத்து என்று எழுதியிருந்தார். செய்தியைப் பார்த்த தாசில்தார் தோணி விடக் கூடாது என்று உத்தரவு போட்டார். அக்கரை வாழைத்தார்கள் வயலிலேயே பழுத்தன. தோணிக்காரர்கள் வீடுகளில் உலை வைப்பது சுருங்கியது. குத்தகை கைவிட்டுப் போனால் அவர்களுக்கு வேறு பிழைப்புக் கிடையாது. களக்காட்டில் யாரோ பத்திரிகையை வாய்விட்டு வாசிக்கப் போய், பெண்ணின் தாயார் மயங்கி விழுந்துவிட்டாள்.

சங்கம் கூடியது. எனக்கும் ரத்தம் கொதித்தது. செத்தவர் ஒருவரும் இல்லை, மொட்டை போட்டது இன்னதற்காக, புகை வந்தது இன்னதிலிருந்து என்று சூடாக ஒரு மறுப்பு எழுதி வாசித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலைவர் மட்டும் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒண்ணு விட்டுப்போச்சே வாத்தியாரே" என்றார். "அளவா ஏத்துனோம்னு போட்டிருக்கான்லா, அதுவும் தப்புத்தான். ஏத்துனது நான். கூட ஏத்துனேன். அதையும் எழுதும்."

கூட்டம் கொந்தளித்துவிட்டது. "ஏன் அண்ணாச்சி, நம்ம வாயில நாமளே மண்ணைப் போடவா?" என்று ஒருவன் எழுந்து நின்றான். தாசில்தார் கையில் நாமே கத்தியை எடுத்துக் கொடுக்கிறோமே என்று எனக்கும் பட்டது. "அதை யாரும் நம்மகிட்ட கேக்கலையே அண்ணாச்சி" என்றேன்.

"கேக்கலைன்னா பொய் நெசமாயிருமா வே? நமக்கு ஆகாத தப்பை மட்டும் திருத்தச் சொல்லுதோம், நமக்கு ஆகிவர்ற தப்பை மடியில முடிஞ்சுக்கிடுதோம். அப்புறம் எவன் நம்ம பேச்சை நம்பி நம்ம தோணியில கால் வைப்பான்?" என்று அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் அடங்கியது. பிறகு குரலைத் தணித்து, "பைய எழுதும். என் பேரைப் போட்டே எழுதும்" என்றார். எழுதினேன். என் கைப்பட எத்தனையோ எழுதியிருக்கிறேன். அந்தக் கடைசிப் பத்திக்கு ஈடாக ஒன்றும் எழுதவில்லை.

மறுப்பைத் தபாலில் போடத் தலைவருக்கு மனமில்லை. செத்துப்போனவர்களாகச் செய்தி வந்தவர்களையே வில்வண்டிகளில் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனோம். மொட்டைத் தலைகளும் மஞ்சள் கயிறு புதுசாக இருந்த பெண்ணுமாகப் பத்திரிகை ஆபீஸ் வாசலில் நாங்கள் இறங்கியதும் அச்சுக் கோப்பவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பத்திராதிபர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் முகம் கறுத்துவிட்டது. தலைவர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த கோபத்தைக் கொட்ட வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் முன்னால் வந்தாள். "நான்தான் ஐயா செத்துப்போனவ. எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கா. நான் நேர்ல போய் நின்னும், ஆவின்னு நெனச்சு அழுதா. பேப்பர்ல போட்டது பொய்யாயிருக்குமான்னு கேக்கா. நீங்களே எழுதுனாத்தான் நம்புவா" என்றாள். தலைவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பத்திராதிபர் மறுப்பை வாசித்துக்கொண்டே வந்து கடைசிப் பத்தியில் நின்றார். "இது வேண்டாமே. போட்டால் உங்களுக்குத்தானே கஷ்டம்?" என்று கேட்டார். "போடுங்க. அது இல்லைன்னா மத்ததும் வேண்டாம்" என்றார் தலைவர். பத்திராதிபர் மறுப்பை அப்படியே அச்சுக் கோப்பவர் கையில் கொடுத்தார். பொய்ச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே இடத்தில், ஓர் எழுத்துக் குறையாமல் மறுப்பு வந்தது. களக்காட்டில் அதைத் தாயாருக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாளாம்.

தாசில்தார் கூப்பிட்டு விசாரித்தார். எல்லாரும் உண்மையை மறைப்பதையே பார்த்துப் பழகிய மனிதருக்கு இது புதிதாக இருந்திருக்க வேண்டும். குத்தகையைப் பிடுங்கவில்லை. அதிகம் ஏற்றியவர் தலைவராக இருக்கக் கூடாது, இனி அளவு மீறாமலிருக்க ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லித் தோணியை விட்டுவிட்டார். தலைவர் அன்றைக்கே பதவியை விட்டு இறங்கினார். தோணியில் அளவாக ஆட்களை உட்காரவைத்து, தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று இடுப்பளவு ஆற்றில் நின்று பார்த்து, அதற்கு ஒரு விரல் மேலே தம் கையாலேயே அந்தக் கோட்டைப் போட்டார். அதற்கப்புறம் சாகும்வரை வெறும் தோணிக்காரராகத்தான் கம்பு ஊன்றினார். நாங்கள் அவரைத் தலைவர் என்று கூப்பிடுவதை நிறுத்தவே இல்லை. அப்படி ஒரு மனிதரோடு ஒரு சங்கத்தில் இருந்தேன் என்பது போதும் எனக்கு.

போன மாதம் அக்கரையில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போக அவசரமாகத் துறைக்கு வந்தேன். தோணி நிறைந்திருந்தது. நான் காலைத் தூக்கி வைக்கப் போனபோது, முகம் தெரியாத ஒரு பையன் கம்பைக் குறுக்கே நீட்டினான். "கோடு தண்ணியைத் தொடப்போவுது. அடுத்த நடைக்கு வாங்க" என்றான். நான் இந்தச் சங்கத்தின் பழைய காரியதரிசி என்று சற்று மிடுக்காகவே சொன்னேன். "இருக்கட்டும் ஐயா. அங்கன நெழல்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தோணியைத் தள்ளினான். விசேஷ வீட்டில் பந்தி முடிந்திருக்கும். எனக்கு அது ஞாபகமே இல்லை. தண்ணீருக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்த அந்தக் கோடு அக்கரை போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.