பூஜையில் இருந்த வள்ளம்

கரமனையாற்றுப் படகுக் கடவில் அன்று நின்றவர்கள்: முதலாளி, பழவங்காடியில் தேங்காய்க் கடை வைத்திருந்தவர். அவருடைய கணக்கப்பிள்ளை. ஆற்றில் முங்கி மணல் வாரும் ஒருவன். குளிக்க வந்த அக்ரகாரத்து சாஸ்திரிகள். பிறகு நான், முதலாளியின் படகைக் கழி ஊன்றி ஓட்டும் வள்ளக்காரன்.

ஊர் திருக்கொச்சி மாநிலமாக இருந்த காலம். சரஸ்வதி பூஜை, நவமி காலை. தென்னையில் கட்டிய கயிறு நேரே தண்ணீருக்குள் போயிற்று. வள்ளத்தின் மூக்கு மட்டும் ஒரு சாண் வெளியே தெரிந்தது.

"எலே, எவனோ ஓட்டை போட்டிருக்கான். நீ என்ன காவல் காத்தே? ஓட்டை இருந்தா உனக்கு வேலை இல்ல, பாத்துக்கோ" என்றார் முதலாளி.

எனக்கு வீட்டில் நாலு பிள்ளைகள்.

மணல்காரன் முங்கினான். நேரமாயிற்று.

"போயிட்டானோ?" என்றார் கணக்கப்பிள்ளை.

வந்தான். "ஓட்டை ஒண்ணும் இல்லா மொதலாளி. கயித்துத் தையலெல்லாம் நல்லாத்தான் இருக்கு கேட்டோ."

"முதலை இடிச்சிருக்குமோ?" என்றார் முதலாளி.

"முதலை கெடந்தா நான் மேல வருவேனா?"

கணக்கப்பிள்ளைக்கு வேறு யோசனை. "அண்ணாச்சி, எதிர்க்கரை வள்ளக்காரன் ராத்திரி உள்ள தண்ணி கோரி ஊத்தியிருப்பான்."

"அவன் கூலி கொடுத்தாலே குனிய மாட்டான் வே."

சாஸ்திரிகள் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஏண்டாப்பா, தினம் தண்ணி கோரிக் கொட்டுவியே. நேத்திக்கு சாயங்காலம் கொட்டினியோ?"

"இல்ல சாமி."

"ஏன்?"

"பாளை பூஜையில இருக்கு."

கயிற்றால் தைத்த வள்ளம் எப்போதும் கசியும். காலையும் மாலையும் கமுகம்பாளையால் தண்ணீரைக் கோரி வெளியே ஊற்ற வேண்டும். அஷ்டமி மாலை முதலாளி தராசு, படிக்கல், பேனாவோடு அந்தப் பாளையையும் சரஸ்வதி முன் வைத்தார். பூஜைக்கு வைத்ததை விஜயதசமி வரை தொடக் கூடாது. ராத்திரி மழை வேறு.

"சட்டியால கோரினா என்னலே?"

"வள்ளமும் பூஜையிலதான் மொதலாளி. நீங்கதான் மூக்குல சந்தனம் வச்சிய. தொடாதேன்னும் சொன்னிய."

சரஸ்வதியைக் குற்றம் சொல்ல முடியாது. முதலாளியையும் முடியாது.

"சரி, தூக்குங்க" என்றார் முதலாளி.

"நன்னாருக்கே! நாளைக்குன்னா எடுக்கணும்" என்றார் சாஸ்திரிகள்.

"தண்ணிக்குள்ள கெடக்கு சாமி" என்றார் முதலாளி.

"எங்க இருந்தா என்ன? வெச்சது வெச்சதுதான்."

அப்படியே கிடந்தது. ராத்திரி என்னைக் காவல் வைத்தார்கள். முங்கின வள்ளத்தை எவன் கொண்டுபோவான் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

விஜயதசமி விடிந்ததும் சாஸ்திரிகள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வள்ளத்தின் மூக்குக்குப் பூப் போட்டார். சூடம் இரண்டு தடவை அணைந்தது. பிறகு ஆட்களை விட்டுத் தூக்கினோம்.

முதலாளி பாளையை இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். சந்தனம் காய்ந்திருந்தது.

"எனக்கு வேலை?" என்று கேட்டேன்.

"தண்ணி கெடக்கு, கேள்வி கேக்கான். கோருலே."

கோரினேன். அவரிடம் பிறகும் வள்ளம் ஊன்றினேன். பதினேழு வருடம்.