வராத வரி தள்ளிவைத்த கல்யாணம்

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் அவிநாசிபாளையத்திலிருந்து திருப்பூர் வந்த பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. எல்லாரும் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "ஏனுங்க, ஆர்டர் நெறைய வந்துருச்சுங்களா?" என்று கேட்டேன்.

அவர் பெயர் மாரிச்செல்வி. தென்காசிப் பக்கம், இங்கே டெய்லர்.

"ஆர்டர் கூடலக்கா. அமெரிக்கால துணிக்கு வரிய ஏத்தப் போறாங்கன்னு பேச்சு. அதுக்கு முன்னால சரக்கு அங்க போய்ச் சேரணுமாம். தீபாவளி கழிச்சுத் தைக்க வேண்டியதையும் இப்பமே தைக்கோம்."

"அப்ப தீபாவளிக்கு அப்புறம்?"

"வேலை இருக்காதுல்லா. அதான், ஆவணில வச்சிருந்த என் கல்யாணத்தக் கார்த்திகைக்கு மாத்தச் சொல்லிட்டேன். ஒரு மாசம் நிம்மதியா ஊர்ல இருக்கலாம்."

"மாப்பிள்ள ஊட்டுல ஒத்துக்கிட்டாங்களா?"

"அவரும் இங்க அயர்னிங்லதான் இருக்காரு. அவருக்கும் அப்பம்தான வேலை நிக்கும்."

பதினோரு வருடமாகக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். வரி வரும் என்ற எதிர்பார்ப்பே உற்பத்தியை முதலில் ஏற்றும், பிறகு இறக்கும் என்று கரும்பலகையில் வளைகோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தக் கோடு இவ்வளவு தூரம் வரும் என்று நினைத்ததில்லை. எங்கோ ஒரு நாட்டில் இன்னும் கையெழுத்தாகாத ஒரு வரி, தென்காசிப் பக்கம் ஒரு முகூர்த்தத்தை மாற்றி வைத்துவிட்டது.

இறங்கும்போது, "கல்யாணத்துக்கு வந்துருங்கக்கா" என்றார்.

கடைசியில் அந்த வரியைப் போடாமலே விட்டுவிட்டால் கார்த்திகையில் இவர்களுக்கு வேலை இருக்குமா, இருக்காதா? தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். நான் எப்படியும் விருந்துக்குப் போகிறேன்.