ஹத்தாப் டீ குடிக்கிற நேரம்

என் கணவர் நாஜி நல்ல மனுஷன் என்று தெருவே சொல்கிறது. துக்கக் கூடாரத்தில் கசப்புக் காப்பி குடித்த எல்லாரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனுஷன்தான், யார் இல்லையென்றது? ஆனால் எனக்கு அவர்மேல் வருகிற கோபத்தில் அழுகைகூட ஒழுங்காக வரவில்லை.

பாக்தாத் மின்துறையில் லைன்மேனாக இருந்தவர். கோடையில் கம்பமே கையைப் பொசுக்கும், அப்போதும் கையுறை போடமாட்டார். ஓய்வு பெற்றதும் கூடத்தில் ஒரு மீன் தொட்டியை வைத்தார். உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஆஸ்கர் மீன்கள், அவர் கையிலிருந்தே தின்னும். எங்கள் மகள் மைசூன் கல்யாணமாகி பஸ்ராவுக்குப் போனபோது அழாத மனுஷன், ஒரு மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்ததும் மூக்கை உறிஞ்சினார். எங்கள் ஊர் வழக்கப்படி அவளை வைத்துத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள்: அம்மா நான் உம் மைசூன், அப்பா அவர் அபூ மைசூன்.

குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீரைச் சூடாக்க அப்போது வாங்கிய ஹீட்டர்தான் வினை. நீளமான கண்ணாடிக் குழாய். எங்கள் தண்ணீரின் உப்பு அதன்மேல் படிந்து படிந்து, எரிகிறதா இல்லையா என்று காட்டும் சின்ன விளக்கே மறைந்துபோனது. ஒயர் நுழையும் ரப்பர் மூடியில் வெடிப்பு விட்டது. அதற்கு என்ன செய்தார் தெரியுமா? கறுப்பு டேப்பைச் சுற்றினார். தண்ணீருக்குள் கிடக்கிற சாமானுக்கு டேப்பாம்.

வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய் நானே புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். பெட்டியைப் பிரிக்காமலே அலமாரிமேல் வைத்துவிட்டார்.

"பழசுக்கு என்ன குறைச்சல்? சூடு தருதுல்ல?"

"தரும். ஒருநாள் உயிரையும் எடுக்கும்."

"உம் மைசூன், நான் பதினோராயிரம் வோல்ட்டோட குடும்பம் நடத்தினவன். இந்தக் குச்சி என்னை என்ன பண்ணிடும்?"

"குடும்பம் என்கூடதானே நடத்துனீங்க? அப்ப நான் சொல்றதையும் கேளுங்க. தண்ணி மாத்தும்போதாவது பிளக்கைப் பிடுங்குங்க."

"கரண்டே இல்லாதப்ப எதைப் பிடுங்கறது?"

இதுதான் அவர் வழக்கம். அரசு கரண்ட் போனதும்தான் தொட்டியில் கைவைப்பார். அந்த நேரத்தில் தெரு முழுக்கக் கரண்ட் தருகிற ஜெனரேட்டரை ஓட்டுகிற ஹத்தாப், டீயை முடிக்காமல் எழுந்திருக்கமாட்டான். அதற்குள் பாதித் தண்ணீரை இறக்கி, புதுத்தண்ணீர் ஊற்றி, கையையும் துடைத்துவிடுவார். பெண்டாட்டி பேச்சில் இல்லாத நம்பிக்கை ஹத்தாபின் சோம்பேறித்தனத்தில்.

அன்றைக்கு இராக் அணியின் கால்பந்தாட்டம். தெருவே டிவி முன்னால் கிடந்தது. நடுவில் கரண்ட் போனது. பந்தாட்டம் பிடிக்காத இவர் சந்தோஷமாக சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். பிளக் சுவரிலேயே இருந்தது. ஹத்தாபோ பந்துப் பைத்தியம். டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டான்.

நான் அடுப்படியில் இருந்தேன். விளக்கு வந்ததும் தெருவெல்லாம் ஒரே ஆரவாரம். அந்தச் சத்தத்தில் அவர் விழுந்தது எனக்குக் கேட்கவில்லை. ரொட்டியோடு கூடத்துக்கு வந்தபோது ஈரத்தரையில் வெறுங்காலோடு கிடந்தார், ஒரு கை இன்னும் தொட்டிக்குள். ஓடிப்போய் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். இத்தனை வருஷம் நான் கெஞ்சிய ஒரே வேலை. மீன்கள் இரண்டும் தீனிக்கு வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஹத்தாப் கூடாரத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவனை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் வேலையைச் சீக்கிரம் செய்தான், அதற்கா திட்டுவது?

கூடாரத்தைப் பிரித்த அன்று நாஜியின் தம்பி ஷௌகத் மீன்களை எடுத்துப்போக வந்தார். பழைய ஹீட்டரின் ஒயரையும் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அது எதுக்கு, ஷௌகத்?"

"அண்ணன் ஞாபகமா இருக்கட்டுமே. நல்லாத்தான் வேலை செய்யுது. டேப் மட்டும் மாத்தணும்."

"கையை எப்ப உள்ள விடுவீங்க?"

"கரண்ட் இல்லாதப்பதான், உம் மைசூன். எனக்குத் தெரியாதா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்படிக் கத்தரிக்கோலை எடுத்துவந்து அவர் கையிலிருந்த ஒயரைத் துண்டுதுண்டாக வெட்டினேன்.

"மீன் இங்கயே இருக்கட்டும். நீங்க கிளம்புங்க."

அலமாரிமேல் இருந்த பெட்டியைப் பிரித்துப் புது ஹீட்டரை நானே மாட்டினேன். இப்போது நான்தான் தண்ணீர் மாற்றுகிறேன். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்ட பிறகுதான் கையை உள்ளே விடுவேன். ஒவ்வொரு தடவையும் அவர் நாற்காலியைப் பார்த்துத் திட்டுகிறேன்.

"பாத்தீங்களா, அபூ மைசூன்? இவ்வளவுதான் வேலை."