ஏழுமலையின் நோட்டில் என் கணக்கு

ஏழுமலை இறந்த செய்தி வந்தபோது விழுப்புரத்தில் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் மனைவி கஸ்தூரிதான் பேசினார். "அவரு பூட்டாருங்க சார். கூட்டேரிப்பட்டுல பஸ் ஏறப்போனவரு, நெஞ்சப் புடிச்சிக்கினு குந்திட்டாராம்." வருகிறேன் என்றேன். மீதியிருந்த ஆறு தாள்களையும் திருத்திவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இன்னும் அழுகை வரவில்லை.

திண்டிவனத்தில் நம் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளர், நான் ஆசிரியர். ஒரே வயது. குடுவை கழுவிய அசிட்டோனைக் கொட்டுவது அவருக்குப் பொறுக்காது. அதைக் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுக்க, தம் வீட்டு மாடிப்படியோரம் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஸ்டீல் குழாயை நிறுத்தினார். அழுக்கு அசிட்டோன் நடுவில் சொட்டுச் சொட்டாக இறங்கும். சுத்தமானது மேலே ஆவியாகிக் குளிர்ந்து வரும், தண்ணீர் அடியில் வடியும். நிறுத்தாமல் ஓடவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. உள்ளே அடைத்தது பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். "நான் வாங்கியார்ற நாரெல்லாம் அந்தக் குழாய்க்குள்ளதான் போவுது" என்பார் கஸ்தூரி. உயரம், சூடு, சொட்டின் வேகம் எல்லாம் நான் போட்ட கணக்கு. அதையெல்லாம் குறித்துவைத்த அவர் நோட்டில் பாதி என் கையெழுத்து.

குழாயை ஓட்டிய முதல் ஞாயிறு, நான் அவசரப்பட்டு அடியிலிருந்த ஹீட்டரின் சூட்டைக் கூட்டிவிட்டேன். "ஜல்தி பண்ணா மேலயும் தண்ணிதான் சார் வரும்" என்று சிரித்தார். ஆய்வகத்தில் அவரோடு இருந்த நீங்கள் எல்லோரும் இதை அவர் வாயால் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள்.

சாராயம் காய்ச்சுகிறார் என்று தெருவில் யாரோ புகார் கொடுத்தார்கள். போலீஸார் குழாயை எடுத்துப்போனார்கள்; கல்லூரி முதல்வர் அறையில் அதைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். என் பதவி உயர்வுக் கோப்பு அதே மேஜையில் இருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். ஏழுமலை பக்கத்தில்தான் நின்றார். "சாருக்குத் தெரியாதுங்க" என்று அவரும் சொன்னார். நோட்டை மறுநாள் கொண்டுவரச் சொன்னார்கள். பிறகு அது அசிட்டோன்தான் என்று தெரிந்து அவரை விட்டார்கள். குழாய் திரும்பி வரவில்லை. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

காரியம் முடிந்து கிளம்பும்போது கஸ்தூரி அந்த நோட்டைக் கொடுத்தார். புரட்டினேன். என் கையெழுத்து எங்குமே இல்லை. என் கணக்கெல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. நான் தப்பாகப் போட்டு அடித்துத் திருத்திய இடங்களைக்கூட அப்படியே அடித்துத் திருத்தியிருந்தார்.

"போலீஸ் கேட்ட அன்னிக்கு குந்திக்கினு புது நோட்டுல எழுதினாரு. பழச அடுப்புல போட்டுட்டாரு. ஏன்னு கேட்டதுக்கு, சாருக்கு பேஜாரு வேணாம்னாரு" என்றார் கஸ்தூரி.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அவரை அறிந்த உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதில் பாதிக் கணக்கு நான் போட்டது. எனக்கு எல்லாம் தெரியும்.