சுலோஜனா மச்சாளின் சீற் இறங்கிய கதை

என் மச்சாள் சுலோஜனாவுக்கு வாய் கொஞ்சம், பிடிவாதம் அதிகம். பெரியகல்லாற்றில் விடியவே மீன் வாங்கி, பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி, பட்டிருப்புப் பாலம் தாண்டிப் போய், படுவான்கரை வயல் வட்டைகளில் வேலை செய்கிறவர்களுக்கு விற்றுவிட்டு வருவாள். அவள் புருசன், என் அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்ததிலிருந்து அந்தச் சைக்கிள்தான் குடும்பத்தை இழுக்கிறது.

அதன் சீற் இறங்கத் தொடங்கியது. உயர்த்திப் பூட்டினால் பாலத்துக்குப் போகுமுன் கீழே வந்துவிடும். முழங்காலை மடக்கி மடக்கி மிதித்ததில் அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. இப்படியே மிதித்தால் சைக்கிளையே விடவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜிப்ரியிடம் கொண்டுபோனோம். நட்டை மாற்றினான், இடைவெளிக்குத் தகரம் வைத்து இறுக்கினான். அப்படியும் நிற்கவில்லை. மறுபடி போனபோது சீற்றைத் தாங்கும் குழாயை வெளியே இழுத்து விரலால் தடவினான்.

“யாரக்கா இதுக்குள்ள எண்ணெய் ஊத்துற? இது கிடந்தா எப்பிடி இறுக்கினாலும் வழுக்கும்.”

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்து உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். கத்தி, பூட்டு, கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் வைப்போம். பின்னேரமானால் அண்ணன் சைக்கிளைத் தான் சாய்ந்திருக்கும் கதிரைக்குப் பக்கத்தில் விடச்சொல்லி, வலக்கையால் இடம் இடமாக எண்ணெய் பூசுவார். சீற் குழாய்க்கும் தாராளமாக ஊற்றியிருக்கிறார் மனிசன்.

ஜிப்ரி பெற்றோலில் நனைத்த சீலைத் துண்டால் துடைத்துப் பூட்டித் தந்தான். அண்ணனிடம் சொல்லவேண்டியதுதான் பாக்கி. மச்சாள் சொல்லவில்லை. சீற் பழையபடி இறங்கியது. அவள் நொண்டிக்கொண்டு படலையைத் திறந்ததைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உனக்கு என்னகா, வாயில பூட்டா?”

“அவருக்கு இருக்கிறது அந்த ஒரு வேலைதான். அதையும் வேணாமெண்டா, மறுகா மனிசன் என்ன செய்யும்? என்ட கால் நொந்தா நோகட்டும்.”

நல்ல நியாயம். கால் போனால் சோறு எங்கிருந்து வரும்? நேரே போய், அவள் சொன்னதையும் சேர்த்து அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சொன்னது பிழையென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

அண்ணன், என் பின்னாலேயே வந்துவிட்ட மச்சாளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“துருப்பிடிச்சு முறிஞ்சா நீ விழுந்திருவாயெண்டுதான் போட்டன்.”

“தெரியும்,” என்றாள் மச்சாள்.

அவர் பெற்றோல் போத்தலும் சீலையும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மச்சாள் குழாயைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். அந்த ஒற்றைக் கையால், எண்ணெய் ஒரு பொட்டும் இல்லாமல் போகும்வரை தேய்த்தார். பிறகு அவளைப் பூட்டச் சொன்னார். நான் சைக்கிளைப் பிடிக்க, அவள் ஏறி இருந்து பார்த்தாள். சீற் அசையவில்லை.

“நாளைக்கும் கொண்டுவந்து விடு,” என்றார் அண்ணன். “துடைக்கிறதும் வேலைதானே.”

மச்சாள் சீற்றில் இருந்தபடியே அழுதாள். நான் சைக்கிளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.