பக்கத்து அணுக்களிடம் ஒரு விசாரணை

என் மகளுக்கு வந்த வரன், பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அணுக்களைப் படம் பிடிப்பதாகச் சொன்னான். கல்யாணத்தில் படம் பிடிப்பவர்களை எனக்குத் தெரியும். அணுவைப் படம் பிடிப்பவனை ஓசூரில் யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்று, கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறவனிடம் எதைச் சொன்னாலும் செல்லும் என்று நினைக்கிறானோ?

நேரில் கேட்க எனக்குக் கூச்சம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைக் கேட்பதும் இல்லை, சுற்றியிருப்பவர்களைத்தான் விசாரிப்போம். அவன் ஓசூரிலேயே, தொரப்பள்ளி போகும் சாலையில் வாடகைக்கு இருந்தான். நான் யாரென்று சொல்லாமல் தெருமுனை டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன்.

"பணிவான பையன்தாங்க. ஆனா எந்நேரம் வர்றான், எந்நேரம் போறான்னே தெரியாது. ஏதோ இருட்டு ரூம்புல வேலையாம்" என்றார் கடைக்காரர்.

வீட்டில் வந்து சொன்னேன். "நேர்ல போய்ப் பாருங்க. சரியில்லேன்னா வேண்டாம்னு சொல்லிடலாம்" என்றாள் மனைவி. அவளே போன் செய்து கேட்டாள். அவனும் வரச் சொன்னான். மகள் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை.

ஆராய்ச்சிக்கூட வாசலில், "வாங்க மாமா" என்றான். எதுவும் முடிவாகும் முன்பே மாமாவா? அதுவும் பிடிக்கவில்லை.

உள்ளே கறுப்புத் திரை தொங்கியது. மேசை நிறையச் சின்னச் சின்னக் கண்ணாடிகள், நடுவில் ஓர் இரும்புக் கூடு. அதற்குள், அதோடு ஒப்பிட்டால் பனிக்கட்டியே கொதிக்கிறது என்று சொல்லும்படியான குளிரில், துளியூண்டு வாயு இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் சாம்பல் நிறப் படமும் அதில் ஒரு கறையும் தெரிந்தன.

"அணு எங்கங்க தம்பி?"

"அத நேரா பாக்க முடியாது மாமா. லேசரால உசுப்பிவிட்ட அணு அது. ஊதிப் பெருசா இருக்கும், ஆனா இந்த வெளிச்சத்துல தெரியாது. அதனால சுத்தி இருக்கறதுங்ககிட்ட விசாரிக்கறோம். அதுங்க எல்லாம் வெளிச்சத்த உள்ள விடற மாதிரி பண்ணி வச்சிருக்கோம். நடுவுல உசுப்பின அணு இருந்தா, பக்கத்துல இருக்கறதுங்க மட்டும் வெளிச்சத்த மறைச்சிடும். அந்த நெழல்தான் இது."

எனக்குச் சுருக்கென்றது. டீக்கடை விஷயம் தெரிந்துதான் பேசுகிறானா?

"கண்ணாடி அழுக்கா இருந்தா?" என்று கேட்டேவிட்டேன்.

"எங்களுக்கும் அதே சந்தேகம்தான்." உசுப்புகிற லேசரை மட்டும் நிறுத்திவிட்டு இன்னொரு படம் எடுத்தான். கறை இல்லை. மறுபடி போட்டதும் வந்தது. "இப்படி மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டே இருப்போம். எங்க படத்த நாங்களே நம்பறதில்ல. எல்லாம் சரியா அமைஞ்சா விட்டுட்டு வரவும் முடியாது. எப்ப வீட்டுக்கு வருவேன்னு எனக்கே தெரியாது மாமா."

வாசல்வரை வந்தவன், "டீக்கடையில என்ன சொன்னாங்க?" என்றான்.

செருப்பை மாட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். "பணிவான பையன்னாங்க."

"நானும் உங்க தெரு மளிகைக்கடையில கேட்டேன். பேசமாட்டாரு, ஆனா அரிசிய வாயில போட்டுப் பாக்காம வாங்கமாட்டாருன்னாங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. "ஞாயித்துக்கிழமை பெரியவங்கள கூட்டிக்கிட்டு வாங்க" என்றேன்.

ஓசூர் திரும்பும் பஸ் அத்திப்பள்ளி தாண்டும்போதுதான் உறைத்தது. டீக்கடைக்குப் போனதை நான் வீட்டில் மட்டும்தானே சொன்னேன்?

வீட்டுக்குள் நுழைந்தேன். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை நான் சொல்லும் முன்பே, மகள் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.